பதினாறு மில்லி நொடியின் விலை

கணினி விளையாட்டு என்பது, அறிவியல் நோக்கில், காலக்கெடுவுக்கு உட்பட்ட ஒரு கணக்கீடாகும். ஒரு நொடிக்கு 60 முறை தன் படத்தைப் புதுப்பிக்கும் மானிட்டரின் முன் அமர்ந்திருப்பவர் மவுஸை நகர்த்தும்போது, அந்த அசைவைப் படித்து, விளையாட்டு உலகில் அதனால் விளையும் மாற்றங்களைக் கணித்து, அவ்வுலகைப் புதிதாக வரைந்து திரைக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், சராசரியாக 16.7 மில்லி நொடிக்கு ஒரு படம் தயாராகிவிட வேண்டும். 144 முறை புதுப்பிக்கும் மானிட்டரானால் கெடு 6.9 மில்லி நொடியாகச் சுருங்கிவிடுகிறது. இவ்வாறு வரையப்படும் ஒவ்வொரு முழுப் படமும் ஃபிரேம் எனப்படுகிறது. ஒரு நொடியில் எத்தனை ஃபிரேம்கள் வரையப்படுகின்றன என்னும் எண்ணிக்கையே விளையாடுவோர் ஓயாது பேசும் எஃப்பிஎஸ். பாகம் பாகமாகத் தேர்ந்து ஒரு கணினியை அசெம்பிள் செய்ய விரும்புவோர் சென்னை ரிச்சி தெருக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் காணும் விலைப்பட்டியல்கள் கோர், கிகாஹெர்ட்ஸ், கிகாபைட், வாட் என்னும் அளவுகளால் நிரம்பியிருக்கின்றன. எந்தப் பாகமும் எத்தனை மில்லி நொடியை மிச்சப்படுத்தும் என்பது அவற்றில் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்த அளவுகளிலிருந்து மில்லி நொடிக்கும், மில்லி நொடியிலிருந்து ரூபாய்க்கும் செல்லும் கணக்கே இந்த அத்தியாயத்தின் பொருள்.

ஒரு ஃபிரேமை உருவாக்கும் வேலையை இரண்டு சில்லுகள் பகிர்ந்துகொள்கின்றன. எதிரி எங்கே நகர்கிறான், எறிந்த குண்டு எந்தச் சுவரில் மோதுகிறது, எந்தெந்தப் பொருள்கள் கண்ணில் படும் என்பவற்றைப் பிராசசர் தீர்மானித்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரிக்கிறது. கிராபிக்ஸ் கார்டு அப்பட்டியலைப் பெற்று, திரையை நிரப்பும் பிக்சல்கள் எனப்படும் ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய நிறத்தைக் கணிக்கிறது. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த ஃபிரேமுக்கான பட்டியலில் இறங்கிவிடுவதால், இரண்டின் நேரமும் கூட்டப்படுவதில்லை. எது மெதுவானதோ அதன் நேரமே வேகத்தை முடிவு செய்கிறது. பிராசசர் தன் பங்கை 8 மில்லி நொடியிலும் கார்டு தன் பங்கை 14 மில்லி நொடியிலும் முடிக்கின்றன எனக் கொண்டால், நொடிக்கு 71 ஃபிரேம்கள் கிடைக்கும். அங்கே பிராசசரை அகற்றிவிட்டு இரு மடங்கு வேகமும் விலையும் உடைய இன்னொன்றைப் பொருத்தினாலும் அதே 71 ஃபிரேம்கள்தான் கிடைக்கும். விளையாடுவோர் பாட்டில்நெக் என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

இரண்டில் எது மெதுவானது என்பதை முடிவு செய்வதில், விலைப்பட்டியலின் கடைசி வரியில் வேண்டா வெறுப்பாகச் சேர்க்கப்படும் மானிட்டருக்குப் பெரும்பங்கு உண்டு. 1920×1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்களும், 2560×1440 திரையில் 36.9 லட்சமும், 4கே எனப்படும் 3840×2160 திரையில் 82.9 லட்சமும் உள்ளன. அதாவது முதலாவதிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது கார்டு நிறம் கணிக்க வேண்டிய புள்ளிகள் நான்கு மடங்காகின்றன. பிராசசரின் வேலையோ ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது, ஏனெனில் திரை பெரிதானாலும் எதிரிகளின் எண்ணிக்கை கூடுவதில்லை. ஆகவே 4கே திரையில் சாதாரண பிராசசருக்கும் மிக உயர்ந்த பிராசசருக்கும் இடையே வேறுபாடு பெரும்பாலும் தெரிவதில்லை. 1080 திரையில், நொடிக்கு 240 ஃபிரேம்களை நாடும் போட்டி விளையாட்டுகளில், அதே வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. பிராசசர்களைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் மிக உயர்ந்த கார்டையும் 1080 திரையையும் சேர்த்துப் பயன்படுத்துவது கார்டு குறுக்கே நிற்காமல் பிராசசரின் எல்லையைக் காண்பதற்காகவே; அந்த வரைபடங்களைப் பார்த்துவிட்டு நடுத்தரக் கார்டுக்கும் 1440 திரைக்கும் விலையுயர்ந்த பிராசசரைத் தேர்பவர், தமக்குப் பொருந்தாத ஒரு சோதனையின் முடிவுக்குப் பணம் கொடுக்கிறார். மானிட்டரின் அளவும் புதுப்பிப்பு வீதமும், விளையாடப்போகும் விளையாட்டுகளும் முதலில் உறுதியாக வேண்டும். மற்றவை அவற்றிலிருந்து பின்னோக்கிக் கணிக்கப்பட வேண்டியவை.

எஃப்பிஎஸ் என்னும் எண்ணையும் அப்படியே நம்புவதற்கில்லை. ஒரு நொடியில் 59 ஃபிரேம்கள் தலா 10 மில்லி நொடியிலும், ஒரே ஒரு ஃபிரேம் 410 மில்லி நொடியிலும் வரையப்பட்டால், அந்த நொடியின் எஃப்பிஎஸ் சரியாக 60. ஆனால் விளையாடுபவர் காண்பதோ, ஏறத்தாழ அரை நொடி உறைந்து நின்ற திரையை. அமெரிக்க வன்பொருள் ஆய்வாளரான ஸ்காட் வாஸன் 2011 செப்டம்பரில் தி டெக் ரிப்போர்ட் இணையதளத்தில் எழுதிய நீண்ட கட்டுரை, ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளந்து காட்டி, சராசரி எதை மறைக்கிறது என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இன்று தரமான ஆய்வுகள் அனைத்தும் சராசரியோடு, மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகத்தையும் தனியே தருவதற்கு அந்த அணுகுமுறையே வழிவகுத்தது. சராசரி 90, தாழ்ந்த 1 சதவீதம் 70 எனக் காட்டும் கணினி, சராசரி 105, தாழ்ந்த 1 சதவீதம் 38 எனக் காட்டும் கணினியைவிட மேலானது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

விலையை ஃபிரேம்களின் எண்ணிக்கையால் வகுத்து, எதில் ஒரு ஃபிரேம் மலிவாகக் கிடைக்கிறதோ அதுவே மதிப்பு மிக்கது என்று முடிவு கட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. இந்த முறை கணக்களவில் சரி. எந்த விலையை வகுப்பது என்பதில்தான் பிழை நேர்கிறது. கார்டு நீங்கலாக மற்ற பாகங்களுக்கு 45,000 ரூபாய் ஆகிறது எனவும், 25,000 ரூபாய்க் கார்டு 60 ஃபிரேம்களும், 35,000 ரூபாய்க் கார்டு 78 ஃபிரேம்களும், 70,000 ரூபாய்க் கார்டு 100 ஃபிரேம்களும் தருகின்றன எனவும் கொள்க. கார்டின் விலையை மட்டும் வகுத்தால் ஒரு ஃபிரேமின் விலை முறையே 417, 449, 700 ரூபாயாகி, மிக மலிவான கார்டே வெல்கிறது. ஆனால் கார்டு தனியே நின்று எதையும் வரைவதில்லை. முழுக் கணினியின் விலையை வகுத்தால் 1,167, 1,026, 1,150 ரூபாய் என்று வந்து, நடுவில் உள்ள கார்டு வெல்கிறது. இதே மூன்று கார்டுகளை மில்லி நொடியில் பார்த்தால் படம் இன்னும் தெளிவாகிறது: முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக 10,000 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பவர் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறத்தாழ 3.8 மில்லி நொடியை மிச்சப்படுத்துகிறார், அதாவது ஒரு மில்லி நொடிக்கு ஏறத்தாழ 2,600 ரூபாய். இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்குப் போக 35,000 ரூபாய் கொடுப்பவருக்குக் கிடைப்பதோ 2.8 மில்லி நொடி, அதாவது ஒரு மில்லி நொடிக்கு 12,000 ரூபாய்க்கு மேல். முன்பே கணினி வைத்திருந்து கார்டை மட்டும் மாற்றுபவருக்கு அந்த 45,000 என்றோ செலவாகிப் போன பணமாதலால், பழைய கார்டை விற்றுக் கிடைப்பதைக் கழித்துவிட்டு, கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் மில்லி நொடியை மட்டும் அவர் எண்ணினால் போதும். ஒரே கார்டு ஒருவருக்கு மலிவாகவும் இன்னொருவருக்கு வீணாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

கிராபிக்ஸ் கார்டுதான் விளையாட்டுக் கணினியின் மிகப் பெரிய செலவு என்பதால், அதன் பெயருக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையிலான இடைவெளியை அறிந்திருப்பது இன்றியமையாதது. 2022 செப்டம்பரில் என்விடியா நிறுவனம் ஆர்டிஎக்ஸ் 4080 என்னும் ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. ஒன்று 16 ஜிபி நினைவகத்தோடு 1,199 டாலர், மற்றது 12 ஜிபியோடு 899 டாலர். நினைவகம் மட்டுமே குறைவு என்று எண்ணத் தூண்டும் பெயர் அது. உண்மையில் முன்னதில் 9,728 கணக்கீட்டு அலகுகளும் பின்னதில் 7,680 அலகுகளும் இருந்தன, சில்லே வேறு. கடும் எதிர்ப்புக்குப் பின் அக்டோபரில் 12 ஜிபி கார்டு திரும்பப் பெறப்பட்டு, 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்னும் பெயரில், 100 டாலர் குறைவாக, 799 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. சில்லில் எந்த மாற்றமும் இல்லாமல் பெயர் மாறியபோது விலையும் மாறியது என்னும் இந்த நிகழ்வு, பெயர் எண்ணைக் கொண்டு மதிப்பை அளப்பது எவ்வளவு பயனற்றது என்பதற்குப் போதிய சான்றாகும்.

கார்டின் நினைவகத்தில் இரண்டு வெவ்வேறு பண்புகள் உள்ளன: எவ்வளவு கொள்ளும் என்பது ஒன்று, எவ்வளவு விரைவாகக் கொண்டுதரும் என்பது மற்றொன்று. 2020 டிசம்பரில் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 256 பிட் அகலமுள்ள பாதையின் வழியே நொடிக்கு 448 ஜிபி தரவைப் பெற்றது. 2023 மே மாதம் அதே 399 டாலர் விலையில் அதன் வாரிசாக வந்த 4060 டிஐ கார்டின் பாதை 128 பிட் மட்டுமே, நொடிக்கு 288 ஜிபி. சில்லுக்குள்ளேயே இருக்கும் கேஷ் என்னும் சிறிய, மிக விரைவான நினைவகத்தை 4 எம்பியிலிருந்து 32 எம்பியாக உயர்த்தி என்விடியா அந்தக் குறையை ஈடுகட்டியது. 1080 திரையில் அந்த ஈடு பெரிதும் பலித்தது, பிக்சல்கள் கூடக்கூட கேஷுக்குள் அடங்காத தரவு பெருகி அதன் பயன் தேய்ந்தது. கொள்ளளவின் நிலை வேறு. அது போதுமானதாக இருக்கும்வரை கூடுதல் கொள்ளளவால் எந்தப் பயனும் இல்லை. போதாமல் போகும் அந்தக் கணத்தில் வீழ்ச்சி படிப்படியாக நிகழாமல் செங்குத்தாக நிகழ்கிறது, ஏனெனில் கார்டில் இடமில்லாத தரவு மதர்போர்டைத் தாண்டி, கணினியின் பொது நினைவகமான ரேமிலிருந்து வர வேண்டும், 4060 டிஐ கார்டுக்கு அந்தப் பாதை நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிபிதான் கடத்தும். 288 எங்கே, 16 எங்கே! சராசரி எஃப்பிஎஸ் அவ்வளவாகக் குறையாமல், தாழ்ந்த 1 சதவீதம் மட்டும் சரிவதாக இந்தக் குறை முதலில் வெளிப்படும்.

எவ்வளவு கொள்ளளவு வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை. பெரிய விளையாட்டுகள் பெரும்பாலானவை பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்களையும் கருதியே உருவாக்கப்படுகின்றன; 2020 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் ஆகிய இரண்டிலும் எட்டு கோர் பிராசசரும், பிராசசரும் கிராபிக்ஸும் பகிர்ந்துகொள்ளும் 16 ஜிபி நினைவகமும் உள்ளன. பழைய கன்சோல்களுக்கும் சேர்த்து விளையாட்டுகள் எழுதப்பட்ட இடைக்காலம் முடிந்து, புதியவற்றுக்காக மட்டுமே எழுதப்பட்டவை 2023 வாக்கில் கணினிக்கு வரத் தொடங்கியபோது, 8 ஜிபி கார்டுகள் திணறின. அவ்வாண்டு மார்ச்சில் வந்த தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1 அதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டாயிற்று, பின்னாளில் வந்த திருத்தங்கள் அதன் கடுமையைக் குறைத்தன என்றாலும். நான்கைந்து ஆண்டுகள் வைத்திருக்கும் எண்ணத்தோடு 1440 திரைக்குக் கார்டு வாங்குபவர், வேகத்தில் 10 சதவீதம் விட்டுக்கொடுத்தேனும் 12 ஜிபிக்குக் குறையாத கார்டைத் தேர்வது அறிவுடைமை.

குறைந்த பிக்சல்களில் வரைந்து, இயந்திரக் கற்றல் மூலமோ வேறு கணித முறைகளாலோ பெரிய திரைக்கு விரிக்கும் டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற உத்திகள் கார்டின் பயனுள்ள வாழ்நாளை உண்மையிலேயே நீட்டிக்கின்றன. அவற்றின் தரத்தை மதிப்பில் சேர்த்துக்கொள்வது முறையே. வரையப்பட்ட இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே கற்பனையான ஒன்றைச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் என்னும் உத்தியை அவ்வாறு சேர்க்கக் கூடாது. அசைவு வழவழப்பாகத் தெரியும் என்பது மெய்தான். ஆனால் செருகப்பட்ட ஃபிரேம் புதிதாக எந்த விசை அழுத்தத்தையும் படித்துவிட்டு வரையப்பட்டதில்லை, மேலும் அடுத்த உண்மையான ஃபிரேம் தயாராகும்வரை காத்திருந்தே அதை உருவாக்க முடியும் என்பதால் கைக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் சற்றுக் கூடவே செய்கிறது. இவ்வத்தியாயத்தின் கணக்கில் 120 எனக் காட்டப்படும் அத்தகைய எண், 60தான்.

பிராசசரைப் பொறுத்தவரை, தனித்தனியே கணக்கிடும் அலகுகளான கோர்களின் எண்ணிக்கை விற்பனைக்கு உதவும் அளவுக்கு விளையாட்டுக்கு உதவுவதில்லை. ஒரு வேலையின் எந்தப் பகுதியைப் பிரித்துக் கொடுக்க இயலாதோ அந்தப் பகுதியே மொத்த வேகத்துக்கு எல்லை வகுக்கிறது என்பதை கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் எடுத்துக்காட்டினார். பாதி வேலை பிரிக்க இயலாததாக இருந்தால், எண்ணற்ற கோர்களைப் பொருத்தினாலும் வேகம் இரு மடங்கை எட்டாது. விளையாட்டின் ஒவ்வொரு ஃபிரேமிலும் முந்தையது முடிந்தபின்னரே தொடங்கக்கூடிய வேலைகள் நிறைய இருப்பதால், ஆறு அல்லது எட்டு கோர்களுக்கு மேல் கொடுக்கப்படும் பணம் காணொளித் தொகுப்புக்கோ வேறு பணிகளுக்கோ பயன்படுமேயன்றி ஃபிரேம்களாக மாறுவது அரிது. உண்மையான தடை பெரும்பாலும் காத்திருப்பில் இருக்கிறது: வேண்டிய தரவு ரேமிலிருந்து வந்துசேர ஏறத்தாழ 70 நானோ நொடி ஆகும்போது, 4.5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கோர் 300க்கும் மேற்பட்ட துடிப்புகளை வீணே கழிக்கிறது. ஏஎம்டி நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்கு நேரான விடையாக அமைந்தது. சில்லின் மேலேயே 64 எம்பி கேஷை அடுக்கி மொத்தத்தை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்த்தியதற்காக அதன் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸிலிருந்து 4.5 ஆகக் குறைக்கப்பட்டது. வேகம் குறைந்த அந்தப் பிராசசர், பெரும்பாலான விளையாட்டுகளில் தன் முன்னோடியை வெளிப்படையாக முந்தியது. கிகாஹெர்ட்ஸை மட்டும் ஒப்பிட்டு வாங்கியவர் அன்று தவறான பெட்டியைத்தான் வீட்டுக்கு எடுத்துச் சென்றிருப்பார்.

அதே பிராசசர் மதர்போர்டின் மதிப்பையும் விளக்குகிறது. மதர்போர்டு ஃபிரேம்களைக் கூட்டுவதில்லை. நாளை எதைப் பொருத்தலாம் என்பதையே அது முடிவு செய்கிறது. 2017இல், பிராசசர் பொருந்தும் ஏஎம்4 என்னும் சாக்கெட்டோடு வாங்கப்பட்ட மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, ஐந்தாண்டு கழித்து வந்த 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. 2017 ஜனவரியில் வந்த இன்டெலின் 200 வரிசை மதர்போர்டுகளோ, அதே ஆண்டு அக்டோபரில் அதே 1151 தொடுமுனைகளோடு வந்த எட்டாம் தலைமுறைப் பிராசசர்களை ஏற்கவில்லை. வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, சாக்கெட்டின் எஞ்சிய ஆயுளுக்குக் கொடுக்கும் பணம் பல மடங்கு திரும்பக் கிடைக்கும்.

ரேமில் பெரிய சூத்திரம் எதுவுமில்லை. டிடிஆர்4-3200 வகையில் ஒரே 16 ஜிபி ரேம் நொடிக்கு 25.6 ஜிபி கடத்தும்போது, இரண்டு 8 ஜிபி ரேம்கள் 51.2 ஜிபி கடத்துகின்றன. அதே விலையில் கிடைக்கும் இந்த இரட்டிப்பைக் கைவிடக் காரணமில்லை. பெட்டியில் எழுதப்பட்ட வேகம் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்னும் அமைப்பை இயக்கிய பின்னரே கிடைக்கும் என்பதை அறியாமல், ஆண்டுக்கணக்கில் குறைந்த வேகத்தில் ஓட்டுவோர் பலர். எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, சுழலும் ஹார்டு டிஸ்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் மாற்றம் பெரிது. நொடிக்கு 3,500 எம்பியிலிருந்து 7,000 எம்பிக்கு மாறுவதால் விளையாட்டு திறக்கும் நேரத்தில் கிடைப்பது சொற்பம்.

வெப்பமும் மின்சாரமும் கடைசியில் வைத்துப் பேசப்பட்டாலும், நம் ஊர் வாங்குபவருக்கு அவற்றின் எடை அதிகம். சில்லின் மின்செலவு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைவதால், மின்னழுத்தத்தை 10 சதவீதம் குறைத்தாலே செலவு ஏறத்தாழ 19 சதவீதம் குறைகிறது. அண்டர்வோல்ட் எனப்படும் இந்தச் சிறு திருத்தம், மே மாதச் சென்னையில் குளிரூட்டியற்ற 35 பாகை அறையில், விலையுயர்ந்த கூலரைவிட அதிகம் உதவலாம். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களின் அளவீடுகள் பெரும்பாலும் குளிர்ந்த அறைகளில் எடுக்கப்படுகின்றன. அங்கே 68 பாகை காட்டிய கார்டு இங்கே 80ஐத் தாண்டுவதில் வியப்பில்லை. முன்பக்கம் கண்ணாடியால் மூடப்பட்ட கேபினெட்டைவிட வலைப்பின்னல் உடையதைத் தேர்வதற்கு இது ஒன்றே போதும்.

கணினிக்கு மின்சாரம் பகிரும் எஸ்எம்பிஎஸ் பற்றிப் பேசும்போது 80 பிளஸ் கோல்டு என்னும் சான்றிதழே முன்வைக்கப்படுகிறது. அது செயல்திறனை அளக்கிறதேயன்றி பாதுகாப்பை அளக்கவில்லை. 400 வாட் சுமையை 80 சதவீதத் திறனோடு வழங்கும் எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 500 வாட் இழுக்கும், 90 சதவீதத் திறனுடையது 444 வாட் இழுக்கும். நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடுபவருக்கு ஆண்டில் ஏறத்தாழ 60 யூனிட் மிச்சம், அவ்வளவே. பணம் கொடுக்க வேண்டியது மிகை மின்னழுத்தம், மிகை மின்னோட்டம், குறுக்குச் சுற்று ஆகியவற்றை உணர்ந்து உடனே நின்றுவிடும் சுற்றுகளுக்காகவும், கண நேரத்தில் இரு மடங்காக உயரும் கார்டின் இழுப்பைத் தாங்கும் திறனுக்காகவும்தான். பிராசசரும் கார்டும் தம் மின்சாரத்தை 12 வோல்ட் தடத்திலிருந்தே பெரும்பாலும் பெறுவதால், ஒட்டுத்தாளில் அத்தடத்துக்கு எதிரே உள்ள ஆம்பியர் எண்ணை 12ஆல் பெருக்கினால் உண்மையான வலிமை தெரிந்துவிடும். 30 ஆம்பியர் என்றிருந்தால், மேலே எத்தனை வாட் அச்சிட்டிருந்தாலும் அது 360 வாட் எஸ்எம்பிஎஸ்தான். வீடுகளில் வழக்கமாக வைக்கப்படும் 600 விஏ யுபிஎஸ்ஸின் தாங்குதிறனும் ஏறத்தாழ அந்த 360 வாட்தான் என்பதால், மின்தடையின்போது அது விளையாட்டுக் கணினியைத் தாங்கும் என எதிர்பார்க்க இயலாது. மற்ற எந்தப் பாகம் பழுதானாலும் இழப்பு பெரும்பாலும் அந்தப் பாகத்தோடு நின்றுவிடும். எஸ்எம்பிஎஸ் கெட்டால் அது தன்னோடு இணைந்த அனைத்தையும் எரித்துவிடக்கூடும். எனவே கடைக்காரர் எழுதித் தரும் பட்டியலில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு எதிரே நிறுவனப் பெயரும் மாடல் எண்ணும் இன்றி வாட் எண் மட்டும் இருக்குமானால், வாங்குபவர் அந்த இரண்டையும் எழுதச் சொல்லிவிட்டுப் பிறகே பணம் செலுத்த வேண்டும்.